பட்டியலில் விட்டுப்போனது

மூன்றாவது மாடித் தையல்காரிக்கும் எனக்கும் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. காலை பத்து மணிக்கு என் தலைக்கு மேல் அவருடைய மிஷின் கடகடவென்று ஆரம்பிக்கும். ஒரு மணி வரை ஓயாது. வீட்டில் உட்கார்ந்து அச்சுப்பிழை திருத்தும் எனக்கு மண்டை காய்ந்துவிடும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் மேலே போய்க் கத்தினேன். "மெதுவா பேசுங்க, மேனேஜர் இருக்காங்க" என்றார் அவர்.

மேனேஜர், அவருடைய மகள். வயது இருபத்து நான்கு. ஆட்டிசம், பேச்சு கிடையாது. வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்து, மிதியில் ஏறி இறங்கும் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்த வழியே இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் எனக்கு அக்கா ஆனார். அக்காவுக்கு இரண்டு வருடமாக ரத்தப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும். மூன்று முறை தேதி வாங்கி மூன்று முறையும் தள்ளிப்போட்டார். "அவளை யாரு பாத்துப்பா?" என்பார். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஊரையே ஏற்றி இறக்கும் மனிதர், பெற்ற மகளோடு ஒரு முழுநாள் தனியாக இருந்ததில்லை. எனக்கு அவர்மேல் எரிச்சல்தான், மறைப்பானேன். "இன்னொரு தடவை தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லம்மா" என்று டாக்டர் கையை விரித்த பிறகுதான் அந்த டிரைவர் லீவு போட்டார்.

அதனால் வியாழக்கிழமை ஒத்திகை. காலையிலிருந்து இரண்டு மணிவரை அக்கா என் வீட்டில், வீட்டுக்காரர் மகளோடு மேலே. தாங்கிவிட்டால் திங்கட்கிழமை ஆபரேஷன். அக்கா நடுவில் மேலே ஓடிவிட்டால் அதுவும் போச்சு. எந்தத் துண்டு, எந்த டம்ளர், சோற்றில் குழம்பு படக் கூடாது என்று முப்பத்தொரு வரியில் பட்டியல் எழுதியிருந்தார். பிழை பார்த்து, மேலே ஒரு பிரதி எழுதிக் கொடுத்தது நான்தான்; அசல் என் மேசையில் இருந்தது.

பத்து மணி தாண்டியதும் மேலே தொம்மென்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று.

"தலைய இடிக்கிறா" என்று அக்கா எழுந்தார்.

அக்காவின் போன் அடித்தது. டிரைவர்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். "எல்லாம் லிஸ்டுல இருக்கறபடிதான் செஞ்சேன். பதினேழாவது வரி வரைக்கும் நல்லாதான் இருந்தா. தலகாணி வெச்சாலும் தள்ளிவிடறா."

தொம். தொம். நான் கதவை மறித்து நின்றேன். "போனீங்கன்னா அவ்வளவுதான் அக்கா."

"வழி விடு! என் பொண்ணோட தலை அது!"

பிடித்துத் தள்ளினார். சுவரில் இடித்துக்கொண்டேன். நாமே கொடுமை செய்கிறோமோ என்று தோன்றியது. அப்போதுதான் உறைத்தது. மணி பத்தே கால். இந்நேரம் என் மண்டை காய்ந்திருக்க வேண்டுமே!

"அக்கா, மிஷின் ஓடலையே. லிஸ்டுல எழுதலையா?"

விழித்தார். "அது என் பொழப்பு. அவளுக்கு அதுல என்ன?"

முப்பத்தொரு வரியையும் படித்தவள் நான். தினமும் கேட்ட சத்தம் அதில் இல்லாதது என் கண்ணிலும் படவில்லை. போனைப் பிடுங்கினேன். "அண்ணா, தையல் மிஷினை மிதிங்க!"

"எனக்குத் தைக்கத் தெரியாதும்மா!"

"தைக்க யாரு சொன்னா? நாள் பூரா பிரேக்கு மிதிக்கற காலுதானே? மிதிங்க!"

நாற்காலி இழுபட்டது. கடக்… கடக். நின்றது. மறுபடி தொம். பிறகு கடகட, கடகடகட. அடுத்த தொம்முக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

அக்கா கதவோரமே உட்கார்ந்துவிட்டார். "நான் இல்லன்னா அவ இல்லன்னு நெனச்சேன்" என்று அழுதார். நிம்மதி பாதி, வலி பாதி. கொஞ்ச நேரம் கழித்து என் பேனாவை வாங்கி, மேசையிலிருந்த பட்டியலில் பதினேழுக்குக் கீழே இடுக்கி எழுதினார்: பத்து மணி, மிஷின்.

திங்கட்கிழமை ஆட்டோ ஏறிப் போய்விட்டார். பத்து மணிக்கு என் தலைக்கு மேல் மிஷின் ஓடியது, நூலே இல்லாமல். அன்றைக்கு நான் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. நின்றுவிடக் கூடாதே என்று மேலே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.