வயிற்று வலி இல்லை

நாத்தனார் அண்ணியைப் புகழ்வது எங்கள் பக்கம் கேள்விப்படாத விஷயம். இருந்தாலும் நான் புகழத்தான் போகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

என் அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தான். மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், யாரோடும் பேச்சில்லாமல் இருந்தவன், ஒரு நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் பெரியப்பா எங்களுக்கு ஒரு பதிலைத் தயார் செய்துவிட்டார். "யாரு கேட்டாலும் தீராத வயித்து வலின்னு சொல்லுங்க. மானம் பூடும்." எங்கள் பக்கம் இப்படிப் போனவர்கள் எல்லோருக்கும் வயிற்று வலிதான். எனக்கென்னவோ குடிக்கிற தண்ணீர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் கம்பெனி வேனில் எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் அண்ணியிடம், "இன்னாம்மா ஆச்சு? நல்லாத்தானே ஷிஃப்டுக்கு வந்துக்கினு இருந்தாரு?" என்று கேட்டார்.

பெரியப்பா முந்திக்கொண்டு, "வயித்து வலிப்பா" என்றார்.

அண்ணி தலையை நிமிர்த்தினாள். "வயித்து வலி இல்லண்ணே. மனசுல நோவு. வெளிய சொன்னா அசிங்கம்னு மறைச்சிக்கினே இருந்தாரு. கடைசில தாங்க முடியாம அவரே முடிச்சிக்கினாரு."

பெரியப்பா பல்லைக் கடித்தார். "வாய மூடு. குடும்ப மானத்த வாங்காத."

"மறைச்சித்தான் மாமா அவர வுட்டோம். இன்னொருத்தர வுட மாட்டேன்" என்றாள் அண்ணி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வேனில் ஏறினார்கள். கேள்வி கேட்டவர் மட்டும் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்து, "எனக்கும் அப்படித்தாம்மா இருக்குது. ஊட்ல சொல்லல" என்றார்.

காரியம் முடிந்த கையோடு புருஷனை இழந்தவள் வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். அண்ணி மறுநாளே தாண்டினாள். அவரையும், விஷயத்தைச் சொல்லி அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு பஸ் மாறித் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநலப் பிரிவு வாசலில் முகத்தை மூடிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தவள் அண்ணி மட்டும்தான். அந்த மனிதர் இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனி கேன்டீனில் எல்லோர் எதிரிலும் மாத்திரை போட்டுக்கொள்கிறார்.

பெரியப்பா எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டில் அமைதி நிலவியது, நான் குறை சொல்ல மாட்டேன். போன மாதம் அவரே வந்தார். பெரியம்மா இறந்த பிறகு ஆள் பாதியாக இளைத்திருந்தார். "தூக்கமே இல்லம்மா. பெரியம்மா போனதுலேர்ந்து எதுக்கு இருக்கணும்னே தோணுது. எனக்கும் அந்த டாக்டர காட்டு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அண்ணி செருப்பை மாட்டினாள்.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்காரர், "இன்னா பெரியவரே, காலங்காத்தால எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப்பா. வயித்து..." என்று ஆரம்பித்த பெரியப்பா அண்ணியைப் பார்த்தார். பிறகு கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மனசு சரியில்லப்பா. டாக்டர பாக்கப் போறேன்" என்றார்.