மோட்டார் அழைக்கிறது

இன்று காலை பத்தேகால் மணிக்கு என் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ‘மோட்டார்’ என்று பெயர் வந்தது. இரண்டு முறை மணி அடித்துவிட்டுத் தானாக நின்றது. வயலில் மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். திரும்ப ஒரு முறை அழைத்தால் போதும், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். ஊரில் எல்லோரும் படுத்த பாயிலிருந்தே அப்படித்தான் போடுகிறார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தேன். கொட்டகைக் கதவைத் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று மூலை மூலையாகப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து வரப்பில் நின்றுகொண்டு அழைத்தேன். பக்கத்து வயல்காரர் பல முறை கேட்டிருக்கிறார், “ஏம்மா, நடக்க வேணாம்னுதானே அந்தப் பெட்டிய வச்சீங்க? அதுக்கும் நடந்து வர்றீங்களே.” நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சொல்லத் தொடங்கினால் என் கொழுந்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்த வருடங்களில், எங்கள் மூன்று ஏக்கரையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய தம்பிதான். நாற்பதை நெருங்கியும் அவருக்குக் கல்யாணம் அமையவில்லை. அந்தக் குறையை மற்றவர்கள் பேசுமுன் அவரே பேசிச் சிரித்துவிடுவார். மோட்டாருக்கு அந்தப் பெட்டியை வாங்கி மாட்டியவரும் அவர்தான். அதற்குள் ஒரு சிம் இருக்கும். ஒரு முறை அழைத்தால் மோட்டார் ஓடும், மறுமுறை அழைத்தால் நிற்கும். இரண்டு மணி அடித்து அது துண்டித்தால் சொன்னதைக் கேட்டுக்கொண்டது என்று அடையாளம். “நம்ம ரெண்டு பேரு நம்பரத் தவிர வேற எவன் கூப்பிட்டாலும் கேக்காது அண்ணி, அவ்வளவு ரோஷக்காரி” என்றார். என் கைப்பேசியில் ‘மோட்டார்’ என்று வரும்போதெல்லாம், “பாருங்க, உங்க ஓரகத்தி கூப்பிடுறா” என்பார். தனக்கு வாய்த்த பெண்டாட்டி அந்த மோட்டார்தான் என்பது அவர் கணக்கு. “மாசம் முழுக்க பேசலாம்னு பணம் கட்டுறோம். ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறாளே!” என்று என் மாமியாரிடம் முறையிடுவார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

சிரிப்பாக இருந்தாலும் அந்தப் பணம் எங்களை உறுத்தியது உண்மை. பேசவே பேசாத ஒரு பெட்டிக்கு, பேசுவதற்கான நிமிடங்களை மாதாமாதம் வாங்க வேண்டும். மிஞ்சிய நிமிடங்கள் அடுத்த மாதத்துக்கு வராது. நிமிடம் வேண்டாம், சிம் உயிரோடு இருந்தால் போதும் என்றால் அப்படி ஒரு திட்டமே இல்லை என்றார்கள். அந்த ரீசார்ஜ் வேலை என்னுடையது. தமிழ் மாதம் முதல் தேதி பாபநாசத்துக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போவேன், திரும்பும்போது கடைத்தெருவில் போட்டுவிட்டு வருவேன். சிம் கம்பெனிக்கு மாதம் என்றால் இருபத்தெட்டு நாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு மாதம் என்றால் சித்திரை, வைகாசி. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாள் பிந்தித்தான் போட்டிருக்கிறேன். அந்த நாட்களில் உள்ளே வரும் அழைப்பை அவர்கள் நிறுத்தாமல் விட்டுவைத்ததால் எதுவும் தெரியாமல் போயிற்று. அந்த வருடம் ஆனி மாதத்துக்கு முப்பத்திரண்டு நாள். ஆடி முதல் தேதியன்று எனக்குக் காய்ச்சல், கோயிலுக்குப் போகவில்லை.

இரண்டாம் தேதி மோட்டார் ஓடவில்லை. எத்தனை முறை அழைத்தாலும் ஏதோ ஆங்கிலத்தில் சொல்லி நின்றது. மூன்றாம் தேதி காலையில் நாற்றங்கால் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. கொழுந்தனார் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, “பெட்டி செத்துப்போச்சு அண்ணி. அதத் தூக்கிப் போட்டுட்டு நேரா ஒயர் குடுத்து ஓட்டிர்றேன்” என்று சைக்கிளில் கிளம்பினார். அவர் போன பிறகுதான் எனக்கு ரீசார்ஜ் ஞாபகம் வந்தது. கம்பெனிக்கு அழைத்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று போய்க் கடைசியில் ஒரு பெண் வந்தாள். “கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு மேடம்? பேர் சொல்லுங்க” என்றாள். இணைப்பு என் கணவர் பெயரில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்தில் மாமியார் வேறு உட்கார்ந்திருந்தார். “மேடம், லைன்ல இருக்கீங்களா?” என்று அவள் மூன்று முறை கேட்டாள். நான் துண்டித்துவிட்டேன். அன்று அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் பணம் முடிந்த விவரம் அப்போதே தெரிந்திருக்கும், கொழுந்தனாரைக் கூப்பிட்டு நிறுத்தியிருப்பேன்.

பஸ் ஏறி பாபநாசம் போனேன். கடைக்காரர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது முடிஞ்சு எத்தன நாளாச்சுக்கா! கரெக்டா இருவத்தெட்டு நாள்ல போடணும்” என்று நான்கு பேர் முன்னால் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. அவர் பணம் போட்டுவிட்டு, “ஒரு கால் அடிச்சுப் பாத்துக்குங்க” என்றார். என் தப்பு வீட்டுக்குத் தெரியுமுன் தண்ணீர் பாய்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது. அங்கேயே நின்று அழைத்தேன். இரண்டு மணி அடித்துத் துண்டித்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் கொழுந்தனார் காலையில் சொன்னது காதில் விழுந்தது. நேரா ஒயர் குடுத்து ஓட்டிர்றேன்.

அவர் ஒயரைப் பல்லால் கடித்துத் தோலுரிப்பவர்.

உடனே திரும்ப அழைத்தேன், நிற்கட்டும் என்று. இரண்டு மணி, துண்டித்தது. நின்றதா? முதலில் அடித்தபோது உண்மையில் ஓடியதா? ஓடாமல் இருந்து இப்போதுதான் ஓடுகிறதா? மறுபடி அழைத்தேன். மறுபடியும். அவசரத்தில் எத்தனை முறை அழைத்தேன் என்பது தவறிவிட்டது. இடையில் அவருடைய எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒரு அழைப்பு அதிகமானால் மின்சாரம் பாயும், ஒன்று குறைந்தாலும் பாயும். அதற்கு மேல் அந்தப் பொத்தானைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் டிக்கெட்டுக்குக் காசு எடுத்தேன். மாமியார் முகத்தில் எப்படி விழிப்பேன், சிங்கப்பூருக்கு என்னவென்று சொல்வேன் என்றெல்லாம் ஓடியது. ஊர்ப் பாதையில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன்.

கொழுந்தனார் கொட்டகைக்கு வெளியே வாய்க்கால் கரையில் குந்தியிருந்தார். உயிரோடு இருந்தார். பக்கத்தில் ஒரு காய்ந்த மூங்கில் கழி கிடந்தது. பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரை அறுத்து, நுனியைப் பல்லால் உரித்துவிட்டு, சுற்றுவதற்கு டேப் எடுக்கச் சைக்கிளுக்கு வந்திருக்கிறார். செத்த பெட்டிதானே என்று பியூஸைப் பிடுங்காமல் விட்டிருக்கிறார். பின்னால் ‘டக்’ என்று பெட்டி தட்டியது. தரையில் கிடந்த ஒயர் நுனிகள் நெருப்பைக் கக்கின, நின்றன, மறுபடி கக்கின. மூங்கில் கழியால் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டார். “இப்பதான் அண்ணி வாய்லேர்ந்து எடுத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

நான் அழைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டுக்குப் போகலாம் தம்பி என்றுதான் வந்தது. சாயங்காலம் மாமியார் அழுதுகொண்டே, “யாருடா அந்த நேரத்துல போட்டது?” என்று கேட்டார். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொழுந்தனார் என் பக்கம் திரும்பாமலே, “கம்பெனிக்காரன்தாம்மா. பாட்டு வேணுமா, பாக்கு வேணுமான்னு நாள் பூரா கூப்பிடுறானே, அவன் கூப்பிட்டதுல ஓடிருச்சு” என்றார். மறுநாள் கம்பெனிக்கு அழைத்து, அண்ணன் பெயரைச் சத்தமாகச் சொல்லி, அரை மணி நேரம் சண்டை போட்டார். அன்றிலிருந்து ரீசார்ஜை அவரே பார்த்துக்கொண்டார். ஓரகத்தி என்ற கேலியை அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் செய்யவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருக்குத் திருவாரூர் பக்கம் பெண் அமைந்தது. கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். கிளம்பும்போது தன் பழைய பொத்தான் போனை, “மோட்டார் மெசேஜ் எல்லாம் இதுக்குத்தான் வரும், வச்சுக்குங்க அண்ணி” என்று என்னிடம் கொடுத்தார். பெட்டிக்கு யார் அழைத்தாலும் அந்த எண்ணும் நேரமும் அதற்கு வந்துவிடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு மதியம் பழைய செய்திகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். நடுவில் அந்த ஆடி மூன்றாம் தேதி இருந்தது. ஐந்து செய்திகள். ஐந்திலும் என் எண். ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன்.

பொங்கலுக்கு வரும்போது இப்போதும் முதலில் கொட்டகைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். “மோட்டார் நல்லா ஓடுதா அண்ணி?” என்று கேட்பார். ஓடுது தம்பி என்பேன். அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்று தண்ணீர் பாய்ந்து முடிய மதியம் ஆகிவிட்டது. நிறுத்துவதற்கும் வரப்பிலிருந்துதான் அழைத்தேன். இரண்டு மணி அடித்துத் துண்டித்தது. கொட்டகைக்குள் போய், மோட்டார் நின்றுவிட்டதா என்று குழாயில் கை வைத்துப் பார்த்தேன். நின்றிருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.