கோடி வேறு, கொடி வேறு

எங்கள் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அண்ணன் மகன் கேட்டான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள். எழுதினால் அன்றைக்கு நடந்ததைத்தான் எழுதுவேன் என்றேன். "அத மட்டும் உட்டுடுங்க அத்தே" என்றான். விட மாட்டேன்.

அண்ணன் பிறந்தது மாமல்லபுரத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். சிலைக் கடைகளில் கல் தூசியில் எடுபிடி வேலை பார்த்து எங்களைக் கரையேற்றியவர் அண்ணன்தான். பிறகு மறைமலைநகரில் கம்பெனி வேலை. அங்கே செக்யூரிட்டியாக இருந்த பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் தேசியக் கொடி கட்டக் கற்றுக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு திருப்போரூரில் மனை வாங்கி வீடு கட்டினார். நகர் சங்கத்தில் கம்பம் நட்டபோது முதல் கொடி ஏற்றியதும் அவரே.

சுதந்திர தினம் முடிந்தால் தெருத்தெருவாகப் போவார். சாக்கடையில் கிடக்கும் கொடியைப் பொறுக்குவார். பால்கனியில் நார் நாராகத் தொங்குவதைக் கேட்டு வாங்குவார். கிழிந்த கொடியைக் குப்பையில் போடக் கூடாது என்று வீட்டுப் பின்பக்கம் முழுசாக வைத்து எரிப்பார். சாம்பல் ஆகும்வரை நின்றிருப்பார்.

"இன்னா கொடித் தாத்தா, வசூலுக்கு வந்துட்டியா?" என்று மாடியிலிருந்து சிரிப்பார்கள்.

அண்ணியும், "உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்பார்.

"துணி இல்லடி அது." சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

படுத்த படுக்கையானபோது ஜன்னலில் சங்கத்துக் கம்பம் தெரிந்தது. அதில் இருந்த கொடி வெயிலில் வெளுத்து, கடல் காற்றில் ஓரம் பிய்ந்து கிடந்தது. பார்க்க வந்த சங்கத் தலைவரிடம், "அத்த எறக்கிடுங்கப்பா" என்று எத்தனையோ தடவை கேட்டார். "நாளைக்கு ஆள அனுப்புறேன் சார், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்பார் அவர். அந்த நாளை வரவேயில்லை. அண்ணன் கண் மூடும்போதும் அது பறந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் குளிப்பாட்டினோம். சம்பந்தி வீட்டார் புதுவேட்டி கொண்டுவந்து கோடி போட்டார்கள். அப்போது தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சங்கத்து சார்பா எங்க கோடி" என்று ஒன்றை விரித்தார். பார்த்தால் அதே கிழிந்த கொடி. கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. தலைமாட்டில் இருக்க வேண்டிய காவி காலடியில் கிடந்தது. மேலே மாலை வைத்து சணல் போட்டுக் கட்டினார்கள். ஆளாளுக்கு செல்போனில் போட்டோ வேறு.

கோடி என்றால் அவரோடு சுடுகாட்டில் எரியும்; கொடி பிணத்தோடு எரியக் கூடாது. அண்ணன் பட்டாளத்திலும் இல்லை, அரசு மரியாதையும் அவருக்கு இல்லை. எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் உடம்பின் மேல் கொடி போடக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மனுஷர் மேல் அதைப் போட்டார்கள்.

பாடையைத் தூக்கினதும் நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"எறக்குங்க."

"இன்னாம்மா நீ, மரியாத பண்ணிக்கினுகீறோம்" என்றார் தலைவர்.

"கோடி போடு, வாங்கிக்கிறோம். கொடிய எடு."

அவர் எடுக்கவில்லை. சணலை நானே அவிழ்த்தேன். "கூடப் பொறந்தவன் மேலேருந்து உருவுறா பாரு" என்று பின்னால் ஒரு குரல். உறவுக்காரர்களே, இன்றுவரை அதையே சொல்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். கோடிக்கும் கொடிக்கும் கொம்பில் ஒரு சுழிதான் வித்தியாசம். அந்தச் சுழி தெரியாதவர்களிடம் எனக்கு வெட்கம் இல்லை.

அண்ணனைக் கடைசிவரை பிள்ளை மாதிரி துடைத்துப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கு நன்றி. நான் அவிழ்த்து முடிக்கிறவரை பாடையோடு நின்றவர்களுக்கு நன்றி. சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. சங்கத்துக்கு வேண்டுமானால் அண்ணன் மகன் எழுதட்டும், நான் எழுதவில்லை.

நினைவு நாளில் அந்தக் கொடியைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று தலைவர் கேட்கிறாராம். அது என்னிடம் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் பின்பக்கம் முழுசாக வைத்து எரித்தேன். சாம்பல் ஆகும்வரை நின்றேன். அண்ணன் இறக்கச் சொன்னது இறங்கிவிட்டது.