ஹீட்டருக்கு ஒரு குடை

தலையில சோப்பு போட்டு நிக்கறப்போ தண்ணி ஜில்லுன்னு கொட்டினாத்தான் ஜனங்களுக்கு ஹீட்டர் மெக்கானிக்கோட ஞாபகமே வரும். வீட்ல டேங்க் இல்லாத கேஸ் ஹீட்டர் மாட்டியிருக்கற அன்பர்களே, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். குழாயத் திறந்தா உடனே சூடா வரும்னு வாங்கினீங்க. வராத அன்னிக்கு என்னைக் கூப்பிடறீங்க. எனக்கு வீடு செங்கல்பட்டுல. நாவலூர்லேருந்து மதுராந்தகம் வரைக்கும் பைக்லயே சுத்தறேன். இந்தப் பக்கத்துல இந்த மெஷினோட குணம் என் அளவுக்குத் தெரிஞ்சவன் கிடையாது. தற்பெருமைதான், பொறுத்துக்குங்க.

மூணு நாள் ஆராய்ச்சி

நாவலூர்ல ஒரு அபார்ட்மென்ட். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வீடு. பால்கனியில இருந்த ஹீட்டர் பத்தவே இல்லையாம். நான் போனப்போ தரையில பேப்பரை விரிச்சு, மெஷினைப் பிரிச்சு, ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் நம்பர் எழுதி வச்சிருந்தார். எல்லாம் வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டதாம்.

எல்லாத்தையும் திரும்ப மாட்டினேன். போர் தண்ணி உப்பு குழாயை அடைச்சிருந்தது, அதை எலுமிச்சை உப்பைக் கரைச்சு ஊத்திக் கழுவினேன். கடைசியா அடியில இருந்த ரெண்டு பேட்டரியையும் மாத்தினேன். அவர் அதை மட்டும் தொட்டே பார்க்கல. குழாயத் திறந்ததும் டிக் டிக்னு பொறி தட்டிப் பத்திக்கிச்சு. வாசல்ல நின்ன அவர் சம்சாரம் சொன்னாங்க: "மூணு நாளா இவரு வாய் ஓயாம விளக்கம் சொன்னாரு, தண்ணி சுடல. நீங்க வாயே திறக்கல, சுட்டுடுச்சு."

என் ஒரே சட்டம்

எனக்கு ஒரு சட்டம் உண்டு. கேஸ் ஹீட்டரை குளிக்கற ரூமுக்குள்ள மாட்ட மாட்டேன், வெளிச்சுவர்லதான் மாட்டுவேன். மூடின ரூம்ல அது எரிஞ்சா நல்ல காத்து குறைஞ்சு விஷப்புகை சேரும். அந்தப் புகைக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிக்கறவங்க மயங்கி விழுந்தாலும் வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது.

மாமல்லபுரம் போற வழியில, கடலை ஒட்டி மேரி அக்கா வீடு. இட்லிக் கடை வச்சிருக்காங்க. நான் வெளிச்சுவர்ல மாட்டின ஹீட்டர் ஒரே வருஷத்துல உப்புக் காத்து பட்டுத் துருப்பிடிச்சுப் போச்சு. புதுசு வாங்கி வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டாங்க. பொண்ணு ஸ்டெல்லா பிரசவத்துக்கு வந்திருக்கா, எட்டு மாசம். இந்தத் தடவை உள்ளதான் மாட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நான் முடியாதுன்னேன். வார்த்தை தடிச்சுப் போச்சு. பக்கத்துல உக்காந்து காரணத்தைப் பொறுமையா சொல்லியிருக்கணும். கோவத்துல பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். முதுகுக்குப் பின்னால அக்கா கத்தினாங்க: "நீ போனா இன்னா தம்பி, ஊர்ல வேற ஆளா இல்ல?"

படகுக்காரர் செஞ்ச குடை

ஆனாலும் மனசு கேக்கல. அக்கா சொன்னதுலயும் நியாயம் இருக்கே, வெளிய வச்சா துரு, உள்ள வச்சா உயிருக்கு ஆபத்து. நேரா குப்பத்துக்குப் போனேன். அங்க என் சிநேகிதன் முருகேசன் பைபர் படகுக்கு ஓட்டை அடைக்கறவன். கடல் தண்ணியிலேயே கிடக்கற பைபரை உப்புக் காத்து இன்னா பண்ணிடும்?

ஹீட்டருக்கு மேல கூரை மாதிரி ஒண்ணு செய்யச் சொன்னேன். கடல் பக்கம் மட்டும் மறைப்பு, மீதிப் பக்கமெல்லாம் திறப்பு, சூடு படற இடத்துல அலுமினியத் தகடு. அளவு எடுத்து, ஊத்தி, காய வைக்க மூணு நாள் ஆச்சு. என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன். முருகேசன்தான் தலையில அடிச்சுக்கிட்டான்: "மச்சான், கடலுக்குப் படகு அனுப்பறவன் நானு. என்னைப் போயி குளிக்கற ரூமுக்குக் குடை செய்ய வச்சிட்டியே!"

பழைய பாவாடை

குடையை பைக்ல கட்டிக்கிட்டு மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். வெளிச்சுவர்ல பழைய ஆணி ஓட்டைதான் இருந்தது. குளிக்கற ரூமுக்குள்ளேருந்து ஹீட்டர் எரியற சத்தம். வேற ஆள் வந்து மாட்டிட்டுப் போயிட்டான். நிமிர்ந்து பார்த்தேன், ஜன்னல் ஓட்டையில பழைய பாவாடையைச் சுருட்டி அடைச்சிருந்தாங்க, கொசு வருதுன்னு. அக்கா கிட்ட ஓடினேன்.

"உள்ள யாரு?" "ஸ்டெல்லா. அப்பவே போனா"ன்னாங்க அக்கா. சிலிண்டரை மூடினேன். பாவாடையைப் பிடுங்கி எறிஞ்சேன். கதவைத் தட்டினா பதிலே இல்ல. நானும் அக்காவும் சேர்ந்து தோளால இடிச்சதுல தாழ்ப்பாள் பேத்துக்கிச்சு. அக்கா துணியைச் சுத்தி அவளை வாசலுக்கு இழுத்தாங்க. கடல் காத்து முகத்துல பட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கண்ணைத் திறந்தா. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வச்சாங்க. வயித்துக் குழந்தையோட துடிப்பு நல்லா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னப்போ, அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க. நானும் அழுதேன், வெக்கமில்ல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஸ்டெல்லாதான் முதல்ல சிரிச்சா: "எங்கம்மா கிட்ட சண்டை போட்டுட்டுத் திரும்பி வந்த முதல் ஆளு நீங்கதாண்ணா."

இட்லிக் கடை விளம்பரம்

இப்ப அந்த ஹீட்டர் வெளிச்சுவர்ல குடைக்குக் கீழ இருக்கு. ரெண்டாவது வருஷம் ஓடுது, ஒரு பொட்டுத் துரு இல்ல. ஸ்டெல்லாவோட பொண்ணு அந்தத் தண்ணியிலதான் குளிச்சு வளர்றா. கடலோரத்துல இதுவரைக்கும் பதினோரு வீட்டுக்குக் குடை மாட்டியாச்சு, பாதி வேலை மேரி அக்கா பிடிச்சுக் குடுத்தது. இட்லி தின்ன வர்றவங்க கிட்ட, சாம்பார் ஊத்திக்கினே சொல்றாங்க: "உள்ள மாட்டற ஆளு ஊர்ல நெறைய கீறாங்க. மாட்ட மாட்டேன்னு சண்டை போடற ஆளு இவரு ஒருத்தர்தான்."

ஆகவே, தலையில நுரையோட நின்னு என்னைத் திட்டற அன்பர்களே, நல்லாவே திட்டுங்க, திட்டுச் சத்தம் கேட்டாத்தான் உள்ள மூச்சு நல்லா ஓடுதுன்னு எனக்கு நிம்மதி.