அறுபத்தைந்து சுற்று ஜாஸ்

பாரிஸிலிருந்து வந்த ரெக்கார்டில் பாடிய ஒரு பெண்ணை ஒன்றரை வருஷம் ஆம்பிளை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம், "தொண்டையக் கவனிங்க, சுருட்டுப் புடிக்கிற ஆளு" என்று விளக்கமும் சொன்னேன். ரெக்கார்டின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தில் பெண் பெயர்தான் இருந்தது. சுங்க ஆபீஸில் நாள் முழுதும் பிரெஞ்சு எழுதுகிற எனக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இல்லை. அங்கே சில ஆண்களுக்கும் மாதா பெயரை வைப்பார்கள் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றோ நான்கோ, அந்த வருஷங்களில் கப்பல்காரர்கள் கொண்டுவரும் ஜாஸ் ரெக்கார்டுகளுக்குப் புதுச்சேரியில் தனி மவுசு. ஊருக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது நான் கிராமபோன் எடுத்தேன். ஒரு நாள் தூசி துடைக்கையில் உள்ளே ஒரு சின்னத் திருகு லொடலொடவென்று ஆடியது. இறுக்கிவிட்டேன். பொருளைப் பேணுகிறவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மச்சான் வந்துவிடுவான். என் மனைவியின் தம்பி. முதலியார்பேட்டையில் குடித்தனம், மில்லில் பஞ்சு பிரிக்கும் கூடத்தில் வேலை. மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் வாசிப்பான். திருநாளுக்கும் சாவுக்கும் அவன்தான் முன்னால் போவான். கொஞ்ச நாளாக வாசிப்புக்கு நடுவே இருமல் வந்துகொண்டிருந்தது. பஞ்சுத் தூசியை விட்டு வெளியே வராவிட்டால் ஊதுவதை மறந்துவிடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயம்தான் கடற்கரை ஓட்டலில் சனிக்கிழமை நடனத்துக்குக் கிளாரினெட்காரன் தேடினார்கள். நிரந்தர வேலை, மில்லை விட்டுவிடுகிற அளவுக்குச் சம்பளம். பியானோக்காரர் என் ஆபீஸுக்கு வந்து போகிற, வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்த சட்டைக்காரர். என்னிடமிருந்த அந்தப் பெண்ணின், அதாவது என் ஆம்பிளையின், பாட்டையே சொல்லி, அதை வாசித்துக் காட்டினால் போதும் என்றார்.

மச்சான் ஒரு மாதம் அந்த ஒரே பாட்டைக் கேட்டான்.

"இன்னா மாமா இது, சாவுக்கு வாசிக்கிற மாதிரியே போவுது? இதுக்கு எப்டி ஆடுவாங்க?"

"அதான்டா மச்சான் ஜாஸு. அடிமையா கெடந்தவங்க அழுத அழுகை. வெள்ளக்காரன் அதக் கேட்டுக்கினே மெதுவா ஆடுவான்."

அவன் நம்பினான். அந்த நடைக்குள் நாயனத்தின் இழைவையும் கொண்டுவந்து சேர்த்தான். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவன் வழுக்கிக்கொண்டு போகும்போது அடுப்படியில் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

ஓட்டல் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு கிராமபோன் கீச்சிட ஆரம்பித்தது. கடிகாரம் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் ரெக்கார்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அது எத்தனை தரம் சுற்றி வருகிறது என்று எண்ணினார்.

"நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்தணும் சார். இது அறுபத்தஞ்சுதான் சுத்துது. வேகத் திருக யாரு இந்த முறுக்கு முறுக்குனது?"

"வாங்கும்போதே அப்டித்தான் இருந்துது" என்றேன்.

அவர் திருகைச் சரிசெய்து ஊசியை வைத்தார். பாட்டு குதித்துக்கொண்டு ஓடியது. சுருதி ஏறியது. ஒன்றரை வருஷத்து ஆம்பிளை ஒரே நிமிஷத்தில் பெண்ணாகிவிட்டாள். கடிகாரக்காரர் தலையாட்டி ரசித்தார்.

வீட்டுக்கு வந்து கிராமபோன் பெட்டியைத் திறந்தேன். மச்சான் வரும் நேரம். அவனிடம் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் இருந்தது. அவன் விரலுக்கு அது போதும். ஆனால் சொன்னால், அடிமைகளின் அழுகை என்று நான் அளந்ததையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். இப்போது போய் அவனைக் குழப்பக் கூடாது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, திருகைப் பழையபடி முறுக்கி வைத்தேன். அவன் வந்தான், கேட்டான், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

ஓட்டலுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பியானோ ஆரம்பித்ததும் திகைத்து நின்றான். வேகமும் வேறு, சுருதியும் வேறு. மூன்று தரம் முயன்றான், மூன்று தரமும் விழுந்தான். பிறகு பியானோக்காரர் கையை எடுத்துவிட்டு, "தனியா வாசிங்க" என்றார். அவன் வாசித்தான். தட்டு துடைத்துக்கொண்டிருந்த ஆள் துடைப்பதை நிறுத்தினான். பியானோக்காரர் கடைசிவரை கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இந்த மாதிரி நான் கேட்டதே இல்ல. ஆனா இதுக்கு யாரும் ஆட முடியாதேப்பா. ரெக்கார்ட நீங்க கேட்டீங்களா இல்லியா?"

ஓட்டல் கிராமபோனில் அதே ரெக்கார்டைப் போட்டார். பாட்டு பறந்தது.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜோக்கடித்தேன். "இவுங்க மெஷினுக்குப் பேய் புடிச்சிருக்கு மச்சான், ஓட்டமா ஓடுது பாரு" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பொய்யைச் சிரிப்பில் சுருட்டி நீட்டியது அதுவே முதல் தடவை என்று சொல்ல ஆசைதான். சொன்னால் அதுவும் பொய்.

அந்த இடத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். மச்சான் மறுபடியும் பஞ்சுக் கூடத்துக்குப் போனான். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். கேட்டால் உடம்பு சரியில்லை என்றான்.

ஆறு மாதம் கழித்து உழவர்கரையில் ஒரு சாவு. பேண்டு அந்தப் பாட்டை வாசித்தது, என் வீட்டு வேகத்தில், அவன் போட்ட இழைவுகளோடு. ஊரே அழுதது. கல்லறை வாசலில் அவனிடம் போய், இருந்த கூச்சத்தையெல்லாம் மறைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தேன்.

"பாத்தியா மச்சான், அந்த ஓட்டல் போனதும் நல்லதாப் போச்சு. புதுசா ஒரு சங்கீதமே பொறந்துச்சி. என் பொட்டி கெட்டதுல ஒரு லாபம்."

அவன் கிளாரினெட்டின் வாயை நிதானமாகத் துடைத்தான். நடுவில் ஒருமுறை இருமினான்.

"கடிகாரக்காரரு என்னிக்கு அதச் சரி பண்ணிக் குடுத்தாருன்னு எனக்குத் தெரியும் மாமா. நல்லதாப் போச்சுன்னு நீ சொல்லாத. பஞ்சு முழுங்கறது நான்."