என் சிரிப்பும் ஒரு கொலையும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். ஹாலிலிருந்து மருமகள் கூப்பிட்டாள்.

"மாமா, டி.வி.ல நீங்க ஒருத்தரைக் கொல்றீங்க. சீக்கிரம் வாங்க."

நான் பதறவில்லை. அந்தக் கொலை நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. போய்ப் பார்த்தேன். திரையில், தலை நிறைய முடியோடு நான். கட்டிலில் கிடப்பவருக்கு மருந்து டம்ளரை நீட்டுகிறேன். அவர் குடிக்கிறார். நான் சிரிக்கிறேன்... மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். சற்று முன் நான் போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியை மெல்ல மேஜையில் வைத்துவிட்டாள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் ரிட்டயர்டு கம்பவுண்டர் என்று தெரியும். நடிகன் என்று தெரியாது. சொல்லிக்கொள்ளும்படி இல்லை — அதனால் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் வாரத்தில் சில நாள் வருவார். மற்ற நாட்களில் நான்தான். காய்ச்சலுக்கு ஒரு மிக்சர், இருமலுக்கு ஒரு மிக்சர், வயிற்று வலிக்கு ரோஸ் கலரில் ஒரு மிக்சர். அந்த ரோஸ் மிக்சருக்கு மலை முழுக்க ரசிகர்கள்.

அங்கே ஒரு சினிமா கம்பெனி வந்து இறங்கியது. கிரைம் படம். எங்கோ ஒதுக்குப்புறத்தில் ஒரு சுரங்க ஊர். சுரங்க முதலாளி போலீசிலிருந்து பியூன் வரை எல்லோரையும் வாங்கிப் போட்டிருப்பார். துப்பறிய ஒரு இளம் அதிகாரி வருவார். எங்கள் மலையில் சாமை உண்டு, புளி உண்டு. சுரங்கம்? கிடையாது. அதனாலென்ன! ஒரு பள்ளம் தோண்டினார்கள். தகர ஷெட் போட்டார்கள். போர்டு மாட்டினார்கள். சுரங்கம் ரெடி.

படத்தில் கம்பவுண்டராக நடிக்க வந்தவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை. வளைவுக்கு வளைவு வாந்தி. மாத்திரை கொடுக்கப் போன என்னை டைரக்டர் உற்றுப் பார்த்தார். "உங்க முகத்துல என்னமோ இருக்கு சார்" என்றார். அழகைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வயதில் வேறு என்ன தோன்றும்?

கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக நீட்டும் பாக்கெட்டை வாங்குங்கள் என்றார்கள். வாங்கினேன். கையைக் கழுவுங்கள் என்றார்கள். கழுவினேன். மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிரியுங்கள் என்றார்கள். எப்படிச் சிரிக்க வேண்டும் என்று கேட்டேன். சும்மா, எப்போதும் போல என்றார் டைரக்டர். நோயாளிகளைப் பார்த்துச் சிரிப்பது போலவே சிரித்தேன். முதல் டேக்கிலேயே ஓகே. கை தட்டினார்கள்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? புண்ணுக்குக் கட்டுப் போடும்போதெல்லாம் கதை சொன்னேன். சாகக் கிடக்கும் சுரங்கத் தொழிலாளியை நான்தான் மருந்து கொடுத்துக் காப்பாற்றுகிறேன், என்னால்தான் ஊழலே வெளியே வருகிறது — இப்படி நானாக ஒரு படத்தை எடுத்து, மாதக்கணக்கில் ஓட்டினேன்.

நிஜப் படம் ஒருவழியாக ஒடுகத்தூர் டென்ட் கொட்டகைக்கு வந்தது. ஒடுகத்தூர் என் மனைவி சரோஜாவின் ஊர். மாமனார் வீடு மொத்தத்தையும் அழைத்துக்கொண்டு போனேன். சந்தைக்குப் புளி கொண்டுவந்த எங்கள் மலைக்காரர்களும் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்கு அடுத்த கொல்லையில் சாமை விதைக்கும் மாணிக்கம்.

திரையில் நான் வந்ததும் மச்சான்கள் விசிலடித்தார்கள். முதலாளியின் ஆள் பாக்கெட்டை நீட்டினான். நான் வாங்கினேன். விசில் நின்றது. டிரம்ஸ் அடித்தது. மருந்தைக் கொடுத்தேன். தொழிலாளி குடித்தார். திரை முழுக்க என் சிரிப்பு... அவர் வாயில் நுரை.

முதலாளிக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியை விஷம் வைத்துக் கொன்றுவிட்டேன்.

கொட்டகை கொதித்தது. யாரோ ஒருவர் ஈர மணலை வாரித் திரையில் என் மூக்கில் அடித்தார். இதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தம் உண்டு. ஊரையே விழுங்கிய முதலாளி கூலிங் கிளாஸோடு வந்தபோதெல்லாம் கைதட்டல். ஒரு பாக்கெட் லஞ்சம் வாங்கிய கம்பவுண்டருக்கு மணல். அது சினிமாவில் மட்டும்தானா என்ன?

மாமனார் வீட்டில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாடு போடும்போது சரோஜா மட்டும் கேட்டாள்.

"அந்தப் பாக்கெட்ல இன்னாங்க இருந்துச்சி?"

"வெறும் காகிதம்தான்" என்றேன்.

"காகிதத்துக்காகவா அந்த ஆளக் கொன்னீங்க?"

மலைக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்தது. டாக்டர் கையால் கொடுத்தால் மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். என் மிக்சர் பாட்டிலைக் கண்டால் வலி போய்விட்டது என்று எழுந்து போனார்கள். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் அடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, மாணிக்கத்தின் மனைவி காளியம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இரவிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். கண் குழி விழுந்திருந்தது. கையில் தோலைக் கிள்ளினேன். கிள்ளியபடியே நின்றது. பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. டாக்டர் கீழே மாட்டிக்கொண்டார். குளுக்கோஸ் பாட்டிலும் தீர்ந்திருந்தது. உடம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் சாயங்காலம் தாங்காது.

காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் அளந்து கலக்கி, டம்ளரை நீட்டினேன்.

மாணிக்கம் டம்ளரின் வாயைக் கையால் மூடினார். "வேணாங்க. டாக்டரு வரட்டும்."

டாக்டர் வர வழியில்லை என்றேன். அது சினிமா, அந்த ஆள் சாகவில்லை, அன்று மத்தியானமே என்னோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டார் என்றெல்லாம் சொன்னேன். மாணிக்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சினிமான்னு தெரியுதுங்க. கண்ணு இல்லியா எங்களுக்கு? ஆனா அந்தச் சிரிப்பு? அது நீங்க எங்களப் பாத்து சிரிக்கிற சிரிப்புதானே?"

அவர் சொன்னது உண்மை. காளியம்மாவின் உதடு வறண்டு, முனகல்கூட நின்றுவிட்டிருந்தது.

டம்ளரைத் தூக்கி மடமடவென்று பாதியைக் குடித்தேன்.

மாணிக்கம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழவில்லை. நுரையும் வரவில்லை. டம்ளரை வாங்கி அவரும் ஒரு வாய் குடித்தார். பிறகு மனைவியின் தலையை மடியில் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவரே ஊட்டினார்.

வாந்தி எடுத்தாள். மறுபடி கலக்கினேன். ஒவ்வொரு டம்ளரும் அதே வரிசை — முதலில் நான், அடுத்து மாணிக்கம், அப்புறம் காளியம்மா. பொழுது சாயும் நேரத்தில் அவள் கண் திறந்து, யாராவது ஆட்டை அவிழ்த்துக் கட்டினார்களா என்று கேட்டாள். மாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டார். நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒன்று, எனக்கும் கண் கலங்கிவிட்டது. இன்னொன்று, வயிறு குடம் மாதிரி உப்பியிருந்தது. அவசரமாக வெளியே ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் டாக்டர் நடந்தே மலையேறி வந்தார். காளியம்மா சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் படுத்திருந்தேன். யார் நோயாளி என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மறுபடி கூட்டம் வந்தது. ஆனால் புதிதாக ஒரு வழக்கமும் வந்துவிட்டது. எந்த மருந்தானாலும் முதல் வாய் கம்பவுண்டர் குடித்துக் காட்ட வேண்டும். இருமல் மிக்சர், காய்ச்சல் மிக்சர், ரோஸ் மிக்சர், பூச்சி மருந்து... எல்லாவற்றிலும் நாக்கை நனைத்தேன். நம்பிக்கை என்பது போகும்போது சினிமா வேகத்தில் போகிறது. திரும்பி வரும்போது ஸ்பூன் ஸ்பூனாகத்தான் வருகிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் முழுக்க, ஜவ்வாது மலையிலேயே வயிற்றில் பூச்சி இல்லாத ஒரே ஆள் நான்தான்!