பதினெட்டுக்குப் பதினாலு

மீனாட்சிபுரம் அர்த்தநாரிக்கு ஏழு கறவை மாடு, ஒரு ஜீப்பு, டென்னிஸ் ஆடும் ஒரே மகன். இதில் மாடும் ஜீப்பும் ஊருக்குப் புரியும். மகன் கோகுல்நாத்தைப் பத்து வயதிலிருந்து பால் கேன்களுக்கு நடுவே உட்கார வைத்துக் கோயமுத்தூர் மைதானத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பையன் பந்தை வலையில் அடித்தால் இவருக்கு நெஞ்சைப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பால் சங்கத் தலைவர் தேர்தல். அர்த்தநாரி நிற்கிறார். செவ்வாயன்று, தாய்லாந்துப் போட்டியில் கோகுல் முதல் சுற்றில் ஜெயித்துவிட்டான் என்று சேதி வந்தது. அன்றைக்கே சங்கத்து வாசலில் பிளெக்ஸ் எழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். நம்பிக்கை வரட்டுமென்று ஸ்கோரையும் போட்டார்: 1-6, 0-4.

எதிராளி கால் பிசகிப் பாதியில் விலகிக்கொண்டான். விதிப்படி வெற்றி இவனுக்கு. அதை எழுதப் பிளெக்ஸில் இடமில்லை. அர்த்தநாரி கும்பிடும் படமே முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது.

மீனாட்சிபுரத்துக்காரர்கள் எதை நம்பாவிட்டாலும் சங்கத்தில் அளந்து எழுதித் தரும் பால் சீட்டை நம்புவார்கள். காலைக் கறவை, மாலைக் கறவை, இரண்டையும் கூட்டினால் வருவதுதான் கணக்கு. ஸ்கோரையும் அப்படியே கூட்டினார்கள்.

"ஏனுங்ண்ணா, அவனுக்குப் பத்து, நம்ம பையனுக்கு ஒண்ணு. இதுல எப்படிங்க ஜெயிச்சான்?" என்றார் எதிரே தீவனக்கடை வைத்திருக்கும் மம்மது.

"அவன் கால் வலின்னு போயிட்டானப்பா."

"எங்கூட்டு மாடு உதைச்சா நானுங்கூடத்தான் நொண்டிட்டு ஓடறேன். அதுக்காவ மாட்டுக்குக் கப்பு குடுப்பாங்களா?"

புதன்கிழமை முழுக்க இதே பேச்சு. ஸ்கோரிலேயே தண்ணி கலக்குகிறவர் பாலை விட்டுவைப்பாரா என்றார்கள். ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் மோர் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டாம் சுற்று. 6-0, 6-7, 6-7. மூன்று செட்டில் இரண்டு எதிராளிக்கு, கோகுல் தோற்றுப்போனான். மம்மதுவின் போனில் எதிராளி பெயருக்குப் பக்கத்தில் ஜெயித்தவனுக்குப் போடும் பச்சை டிக்கு இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? நம்ம பையனுக்கு ஆறும் ஆறும் ஆறும் பதினெட்டு. அவனுக்கு ஏழும் ஏழும் பதினாலு.

மாலைக் கறவைக்கு அர்த்தநாரி கேனோடு வந்தபோது சங்கத்து வாசலில் வெடி வெடித்தது. மம்மது பொன்னாடையோடு ஓடிவந்தார்.

"அன்னிக்குச் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்ண்ணா. நாலு வித்தியாசம்! இதல்லங்களா ஜெயிப்பு!"

ஸ்கோரைப் போனில் பார்த்திருந்த அர்த்தநாரி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் போன் அடித்தது.

"அப்பா, தோத்துட்டேனுங்கப்பா," என்றான் கோகுல். "நாளைக்கே ஊருக்குக் கெளம்பி வந்தர்றேன்."

அர்த்தநாரி சுற்றிலும் பார்த்தார். நாற்பது பேர், நாற்பது ஓட்டு, எல்லார் முகத்திலும் பல்.

"வேண்டாங் கண்ணு," என்றார் தாழ்ந்த குரலில். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் அங்கயே இருந்து ரெஸ்ட் எடு."

போனை அணைத்துவிட்டுப் பொன்னாடைக்குத் தலை குனிந்தார்.